"பெர்மிஷன் வாங்கினீங்களா?": கூடும் உரிமை, போலீஸ் அதிகாரம், பதில் சொல்லும் பொறுப்பு

காலிக் குடங்களோடு இருபது பெண்கள் மெயின் ரோட்டில் உட்கார்ந்தார்கள். காரைக்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஊர். பதினோரு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு ஜீப்பும் ஒரு வேனும் வந்தன. இறங்கிய அதிகாரி கேட்ட முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியது அல்ல. "பெர்மிஷன் வாங்கினீங்களா?" என்றார். யாரிடமும் பதில் இல்லை. எல்லோரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். மதியம் தக்காளி சாதப் பொட்டலம் வந்தது. ஒரு காவலர் நீள நோட்டில் பெயர், புருஷன் பெயர், வயது என்று வரிசையாக எழுதிக்கொண்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு "கிளம்பலாம்மா" என்றார்கள்.

என் பெரியம்மாவும் அதில் இருந்தார். வீட்டுக்கு வந்து, குடத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏப்பா, நாங்க தப்புப் பண்ணிட்டமா? எங்க மேல கேஸ் இருக்கா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்தேன், வழக்கறிஞர் நண்பர்களிடம் கேட்டேன். டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் தினமும் பேசப்படும் இந்த விஷயத்தில் நாம் எத்தனை தப்பான எண்ணங்களை வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. "அனுமதி இல்லாமல் கூடினால் குற்றம்", "144 போட்டுவிட்டால் நாலு பேர் நிற்கக் கூடாது", "மண்டபத்தில் வைத்தால் அது கைதே இல்லை", "போலீஸை யாரும் கேட்க முடியாது". நாலும் அரைகுறை. பெரியம்மாவுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வளவும் சாவியும்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் அறைகள். அறைகள் ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனி. வளவு எல்லோருக்கும் பொது. பங்காளிகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். சாவி ஊரில் இருக்கும் ஒருவரிடம் இருக்கும்.

ஒரு பங்காளி தன் பெண் கல்யாணத்தை அந்த வீட்டில் நடத்த வேண்டும் என்றால் என்ன செய்வார்? சாவி வைத்திருப்பவருக்கு முன்கூட்டியே சொல்வார். "தை மாசம் இந்தத் தேதி, இத்தனை பேர் வருவாக, சமையலுக்குப் பின்கட்டு வேணும்." சாவிக்காரர் யோசித்து, "அன்னைக்கு இன்னொரு பங்காளி வீட்டு அறுபதாங் கல்யாணம் இருக்கு, ரெண்டு நாள் தள்ளி வைங்க" என்று சொல்லலாம். "கிழக்குப் பக்கம் ஓடு சரிஞ்சு கிடக்கு, அங்க பந்தி போட வேணாம்" என்றும் சொல்லலாம். ஆனால் "உங்களுக்கு இந்த வளவைத் தர முடியாது" என்று அவர் சொல்ல முடியாது. ஏனென்றால் வளவு அவர் தருவது இல்லை. அது பங்காளிக்குப் பிறப்பிலேயே வந்த பாத்தியதை. சாவிக்காரரிடம் இருப்பது ஒழுங்குபடுத்தும் வேலை மட்டும்.

ஊர்ப் பொட்டலும் தெருமுனையும் நம் எல்லோருக்கும் வளவு. போலீஸிடம் இருப்பது சாவி.

சட்டம் என்ன சொல்கிறது

அரசியல் சாசனத்தின் 19-ஆம் பிரிவு குடிமக்களுக்குச் சில உரிமைகளைத் தருகிறது. கருத்துச் சொல்வது ஒன்று. "அமைதியாகவும் ஆயுதம் இல்லாமலும் கூடுவது" இன்னொன்று. இவை அடிப்படை உரிமைகள். அடிப்படை உரிமை என்றால், அரசு நினைத்தால் பறித்துவிட முடியாத, பறித்தால் நேரே நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய உரிமை.

அதே பிரிவிலேயே ஒரு வரம்பும் இருக்கிறது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு ஆகியவற்றுக்காக இந்தக் கூடும் உரிமைக்கு அரசு நியாயமான கட்டுப்பாடு போடலாம். நியாயமான கட்டுப்பாடு என்பதற்கு எளிய பொருள் இது: ஒரு சட்டத்தின் அடிப்படையில் இருக்க வேண்டும், தக்க காரணம் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் ஒரு சாண் கூடப் போகக் கூடாது. ஓடு சரிந்த பக்கத்தில் பந்தி வேண்டாம் என்பது நியாயமான கட்டுப்பாடு. வீட்டையே பூட்டி வைப்பது அப்படி அல்ல.

1972-ல் அகமதாபாத்திலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பொதுத் தெருவில் கூட்டம் போட அனுமதி கேட்டார்கள், போலீஸ் கமிஷனர் மறுத்தார். தெருவில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் காரணமே சொல்லாமல் கொடுக்கவோ மறுக்கவோ ஓர் அதிகாரிக்கு மொத்த அதிகாரத்தைக் கொடுத்த விதி செல்லாது என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு சொன்னது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இன்னும் நம் ஊரில் "பெர்மிஷன்" என்ற சொல் அதே பழைய கனத்தோடுதான் புழங்குகிறது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தே போகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் நாள்கணக்கில் நெடுஞ்சாலையில் நடக்கிறார்கள். வண்டிகள் ஒதுங்கிப் போகின்றன. போலீஸ் கூடவே நின்று வழி ஏற்படுத்தித் தருகிறது, இரவில் நடப்பவர்களை ஓரமாகப் போகச் சொல்கிறது. கூட்டம் வரும் என்று தெரிந்து, அதற்கு ஏற்பாடு செய்வது எப்படி என்று நம் போலீஸுக்கு நன்றாகவே தெரியும். குடிதண்ணீர் கேட்டு வரும் கூட்டத்துக்கும் அதே கவனத்தைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கூடுவது நம் உரிமை, போலீஸ் தரும் சலுகை அல்ல. எங்கே, எப்போது, எப்படி என்பதைக் காரணத்தோடு ஒழுங்குபடுத்தும் அதிகாரம் போலீஸுக்கு உண்டு.

அப்படியானால் அனுமதிக் கடிதம் எதற்கு?

"உரிமை என்றால் கேட்காமலே கூடலாமே?" என்று சிலர் கேட்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

செய்தித்தாளில் அவ்வப்போது "காவல் சட்டம் 30(2) அமல்" என்று வரும். இது 1861-ஆம் ஆண்டுச் சட்டம். 1857 கிளர்ச்சி முடிந்த சூட்டோடு வெள்ளைக்காரர்கள் போட்டது. கூட்டம், ஊர்வலம் நடத்துவோர் முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும் என்று அறிவிக்க இது மாவட்டக் காவல்துறைக்கு வழி தருகிறது. விண்ணப்பத்தைப் பார்த்து, பாதையையும் நேரத்தையும் நிபந்தனைகளையும் அவர்கள் சொல்லலாம். ஒழுங்குபடுத்துவதற்கான பிரிவு இது, ஒட்டுமொத்தமாகத் தடுப்பதற்கானது அல்ல.

முன்கூட்டிச் சொல்வதால் நமக்கும் நன்மை உண்டு. கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று ஓர் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். எத்தனை பேர் வருவார்கள், வெளியே போகும் வழி எங்கே, ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்று யோசிப்பது உயிர் காக்கும் வேலை. அதை யாரும் அலட்சியமாக நினைக்கக் கூடாது.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. கடிதம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்கு முதல் நாள் இரவு வரை பதில் சொல்லாமல் இருப்பார்கள். அல்லது போனில் "வேண்டாங்க, பார்த்துக்கங்க" என்பார்கள். போனில் சொன்னதை எடுத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்குப் போவது? அதனால்தான் மறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும், காரணத்தோடு இருக்க வேண்டும் என்று வற்புறுத்த வேண்டியிருக்கிறது. எழுத்தில் மறுத்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம். சிவகங்கை மாவட்டம் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. போலீஸ் மறுத்த கூட்டத்துக்கு நீதிமன்றம் நிபந்தனையோடு அனுமதி கொடுத்த செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடிதத்தில் நாள், நேரம், இடம், தோராயமாக எத்தனை பேர், மைக் உண்டா, பொறுப்பாளர் யார், கோரிக்கை என்ன என்று எழுதுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். காரைக்குடியில் ஐந்து விளக்குப் பக்கம், சிவகங்கையில் அரண்மனை வாசல் என்று ஆர்ப்பாட்டத்துக்கு வழக்கமாகிப்போன இடங்கள் உண்டு. அப்படி ஓர் இடத்தைக் கேட்டால் மறுக்கக் காரணம் தேடுவது அவர்களுக்குக் கடினம்.

எல்லாப் போராட்டமும் ஒன்றல்ல

ஆர்ப்பாட்டம், உண்ணாவிரதம், ஊர்வலம், மறியல், முற்றுகை, பந்த் என்று நாம் பல சொற்களைப் புழங்குகிறோம். சட்டத்தின் கண்ணில் இவை வேறு வேறு. ஓர் இடத்தில் நின்று முழக்கம் போடும் ஆர்ப்பாட்டமும், உட்கார்ந்து இருக்கும் உண்ணாவிரதமும் உரிமையின் நடுவளவில் இருக்கின்றன. சாலையை மறிக்கும்போது இன்னொருவரின் உரிமை குறுக்கே வருகிறது. பஸ்ஸில் இருக்கும் கர்ப்பிணிக்கும் போக வேண்டிய உரிமை உண்டு. பிறரைக் கட்டாயப்படுத்திக் கடையை அடைக்க வைக்கும் பந்த் சட்டத்துக்கு எதிரானது என்று கேரள உயர் நீதிமன்றம் 1997-ல் சொன்னது, உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. டெல்லி ஷாகின் பாக் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமை உண்டு, ஆனால் பொதுச் சாலையை முடிவில்லாமல் ஆக்கிரமிக்க முடியாது என்றது.

இதில் எனக்குக் கொஞ்சம் மன வருத்தம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு நாள் மனு கொடுத்து யாரும் எட்டிப் பார்க்காத ஊரில், ரோட்டில் உட்கார்ந்த அரை மணியில் வண்டி வந்து நிற்கிறது. மறியலை மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தது மக்கள் அல்ல, பதில் சொல்லாத அலுவலகங்கள். ஆனாலும் சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது.

"144" என்றால் என்ன?

இதில்தான் குழப்பம் மிக அதிகம்.

144 என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் இதே அதிகாரம் 163-ஆம் பிரிவு. எண் மாறியதே தவிர, சரக்கு பெரும்பாலும் பழசுதான். உயிருக்கு ஆபத்து, கலவரம் போன்ற அவசர நிலையைத் தடுக்க இன்னதைச் செய்யக் கூடாது என்று எழுத்தில் போடும் உத்தரவு இது. தடை உத்தரவு என்கிறோம். அக்டோபர் கடைசியில் மருது பாண்டியர் நினைவு நாள், தேவர் ஜெயந்தி சமயத்தில் நம் பக்கத்தில் இது வழக்கமாக வரும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த உத்தரவை ஸ்டேஷனில் இருக்கும் இன்ஸ்பெக்டர் போட முடியாது. நிர்வாக நடுவர்தான் போட வேண்டும். நிர்வாக நடுவர் என்றால் நீதிமன்ற நீதிபதி அல்ல, அந்த அதிகாரம் கொடுக்கப்பட்ட வருவாய்த் துறை அதிகாரி. மாவட்டத்துக்குக் கலெக்டர், காரைக்குடி பக்கத்துக்கு தேவகோட்டை கோட்டாட்சியர் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தது காலம். ஓர் உத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்காது. மாநில அரசு தேவை என்று கருதினால் மேலும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். கடைசியாக, காரணம். காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: நியாயமான கருத்தையும் குறையையும் அடக்குவதற்கு 144-ஐப் பயன்படுத்தக் கூடாது, உத்தரவில் காரணம் இருக்க வேண்டும், உத்தரவைப் பொதுவில் வெளியிட வேண்டும், திரும்பத் திரும்பப் போடுவது அதிகாரத் துஷ்பிரயோகம்.

சரி, அந்த "நாலு பேர்" கணக்கு எங்கிருந்து வந்தது? அது இன்னொரு சட்டத்திலிருந்து வந்த குழப்பம். ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி, பலாத்காரம், சொத்துச் சேதம், சட்ட அமலாக்கத்தைத் தடுப்பது போன்ற நோக்கம் வைத்திருந்தால் அது சட்டவிரோதக் கூட்டம். இங்கே எண்ணிக்கை மட்டும் போதாது, நோக்கமும் தப்பாக இருக்க வேண்டும். ஐம்பது பேர் குடத்தோடு உட்கார்ந்து தண்ணீர் கேட்பது சட்டவிரோதக் கூட்டம் ஆகிவிடாது.

தடை உத்தரவை மீறினார்கள் என்று வழக்குப் போடுவதற்கும் முறை உண்டு. 2018 செப்டம்பரில் மதுரைக் கிளை ஒரு தீர்ப்பில், அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாகப் போடும் வழக்கில் போலீஸ் தானே எஃப்.ஐ.ஆர். போட்டுவிட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ நீதிமன்றத்தில் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்றது. எஃப்.ஐ.ஆர். என்பது குற்றம் நடந்ததாக போலீஸ் முதன்முதலில் பதியும் தகவல் அறிக்கை. அமைதியாகக் கூடிய பலர் மேல் போட்ட வழக்குகள் இந்தத் தீர்ப்பைக் காட்டி ரத்தானதுண்டு.

சுருக்கமாக: தடை உத்தரவு என்று யாராவது சொன்னால், யார் போட்டது, எந்தத் தேதி, என்ன காரணம், எந்த இடத்துக்கு என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் ஒரு தாளில் இருக்கும். இல்லையென்றால் அந்த உத்தரவே இல்லை.

கல்யாண மண்டபம்: கைதா, இல்லையா?

பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் போராட்டச் செய்திகள் எல்லாம் ஒரே மாதிரி முடியும்: "அனைவரும் கைது செய்யப்பட்டு, தனியார் திருமண மண்டபத்தில் வைக்கப்பட்டு, மாலையில் விடுவிக்கப்பட்டனர்." படித்துப் படித்து நமக்கு அது மழைச் செய்தி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு மனிதரின் சுதந்திரம் ஒரு பகல் முழுக்கப் பறிபோயிருக்கிறது.

இதற்குச் சட்டத்தில் இரண்டு வழி இருக்கிறது. குற்றம் ஒன்று நடக்கப் போகிறது, வேறு வழியில் தடுக்க முடியாது என்று போலீஸ் கருதினால் வாரண்ட் இல்லாமல் பிடித்து வைக்கலாம். அது முன்னெச்சரிக்கைக் கைது. இன்னொன்று, போலீஸ் தரும் சட்டப்படியான உத்தரவுக்குக் கட்டுப்படாதவரை அப்புறப்படுத்தவோ பிடித்து வைக்கவோ செய்யலாம், சின்ன விஷயமானால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும் என்கிற பிரிவு. மண்டபப் பழக்கத்துக்குப் புதுச் சட்டம் எழுத்தில் கொடுத்த இடம் இதுதான்.

எந்த வழியானாலும் மேல் வரம்பு ஒன்றே. அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவுப்படி, கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர், அதாவது நீதிமன்ற மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஏன் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும், மிக அரிதான சூழல் தவிர, கைது செய்யக் கூடாது. அந்த அரிதான சூழலிலும் பெண் அதிகாரி ஒருவர் நடுவரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். வெளியே போக விடாமல் வைத்திருக்கும் இடம் ஸ்டேஷன் ஆனாலும் மண்டபம் ஆனாலும் அந்த மனிதர் காவலில் இருக்கிறார், அவருக்கு நேர்வதற்கெல்லாம் போலீஸ் பொறுப்பு.

மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று செய்யலாம். பெயர் எழுதும் காவலரிடம், "எந்தப் பிரிவுல எழுதுறீங்க சார்? எஃப்.ஐ.ஆர். உண்டா?" என்று கேட்கலாம். இந்தக் கேள்வியில் சண்டை எதுவும் இல்லை. பெரியம்மா கேட்கவில்லை, கேட்கலாம் என்று தெரியாது. நான்தான் பிறகு விசாரித்தேன். பெரும்பாலான எஃப்.ஐ.ஆர்.களைக் காவல்துறை இணையதளத்தில் பார்க்கலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் பேசலாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே அந்த உதவி கிடைக்கும்.

தடியும் துப்பாக்கியும்

கூட்டம் சட்டவிரோதமாகிவிட்டது, அமைதி கெடும் என்றால் கலைக்கலாம். ஆனால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கலைந்து போகும்படி உத்தரவு. அதை நிர்வாக நடுவரோ ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ, அவர் இல்லாதபோது எஸ்.ஐ.க்குக் குறையாத அதிகாரியோ சொல்ல வேண்டும். கேட்காவிட்டால்தான் பலப்பிரயோகம், அதுவும் தேவைக்கு ஏற்ற அளவு. துப்பாக்கி கடைசி.

அந்த வரிசை உடைந்தால் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடி காட்டியது. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள், 2018 மே 22. அன்றும் மறுநாளும் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்துக் கொடுத்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்தச் சூட்டுக்கு நியாயம் இல்லை என்று சொல்லி, காவல் அதிகாரிகள் மீதும் அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். விசாரணை ஆணையம் தண்டிக்க முடியாது. உண்மையைத் தேடிப் பரிந்துரை செய்வதோடு அதன் வேலை முடிகிறது. தண்டிக்க வேண்டுமானால் குற்ற வழக்கு, சாட்சி, நீதிமன்றம் என்று தனி வழி போக வேண்டும். "கமிஷன் போட்டாச்சு" என்று நாம் ஆறிப்போகும் இடம் இதுதான்.

நம் மண்ணுக்கும் இந்த வரலாறு உண்டு. 1942 ஆகஸ்டில் தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. திருவாடானைச் சிறையை மக்கள் உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை மீட்டார்கள். அன்று அந்நியர் ஆட்சி, மக்களுக்குக் கேட்கும் உரிமையே இல்லை. அன்று போலீஸ் நடந்துகொண்டதைக் கேள்வி கேட்க எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. சுதந்திரம் வந்த பிறகு மாறியிருக்க வேண்டியது அதுதான்.

பதில் சொல்ல வேண்டியவர் யார்?

பொறுப்புக்கூறல் என்று மேடையில் பேசுவது இதைத்தான்: அதிகாரத்தைப் பயன்படுத்தியவர், அதை ஏன், எந்தச் சட்டப்படி, எப்படிப் பயன்படுத்தினார் என்று பதில் சொல்லும் கடமை. வீட்டுச் சாவிக்காரரிடம் பங்காளிகள் வருஷாவருஷம் கணக்குக் கேட்பது மாதிரி.

2025 ஜூனில் நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, திருப்புவனம் பக்கம் மடப்புரத்தில், நகை திருட்டுப் புகாரில் போலீஸ் விசாரித்த ஒரு கோயில் காவலாளி இறந்துபோனார். உடலில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. அடித்ததாகக் காட்டும் வீடியோ ஒன்று வெளியே வந்தது. மதுரைக் கிளை மாவட்ட நீதிபதியை விசாரிக்கச் சொன்னது. காவலர்கள் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. போன உயிர் திரும்பாது. ஆனால் பதில் கேட்க முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு கட்டத்திலும் கையில் ஓர் ஆதாரம் இருந்தது.

நமக்கு இருக்கும் கதவுகளும் அப்படித்தான், எல்லாமே தாளில் திறப்பவை. போலீஸ் புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம். மாநில மனித உரிமை ஆணையத்தில் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் செய்யலாம். காவல் நிலையங்களில் சிசிடிவி வைக்க வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லியிருக்கிறது, எனவே பதிவு வேண்டுமென்றால் தாமதிக்காமல் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். "இந்தத் தேதியில் இந்த இடத்தில் தடை உத்தரவு இருந்ததா? நகல் தருக" என்று ஒரே வரியில் கேட்கலாம். நீட்டி எழுதத் தேவையில்லை.

தண்ணீர் மாதிரி விஷயத்துக்கு இன்னும் அருகில் கதவுகள் உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை. கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லிப் பதிவேட்டில் எழுத வைத்தால், அப்புறம் நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்கு அது முதுகெலும்பு. "முன்பே கேட்டோம், பதில் இல்லை" என்று காட்டலாம்.

பெரியம்மாவுக்கு நான் சொன்னது

"கூடுனது தப்பில்ல பெரியம்மா. தண்ணி கேட்டதும் தப்பில்ல. பஸ்ஸ மறிச்சது மட்டும் சட்டத்துல இடிக்கும், அதுவும் சின்ன விஷயந்தான், பெரும்பாலும் அபராதத்தோட போறது. எஃப்.ஐ.ஆர். எதுவும் போடல, பாத்துட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தப் புளியமரத்தடியில உக்காந்திருக்கலாம்ல?" என்றார்.

தண்ணீர் அந்த வாரம் இரண்டு நாள் வந்தது, மறுபடி நின்றது. திங்கட்கிழமை சிவகங்கை போய் மனு கொடுத்தோம். ரசீதை மஞ்சப்பையில் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம் திண்ணையில் உட்கார்ந்து ஸ்டேஷனுக்குக் கடிதம் எழுதினோம். நாள், நேரம், புளியமரத்தடி, சுமார் நாற்பது பேர், மைக் இல்லை, கோரிக்கை குடிதண்ணீர். பெரியம்மா பொறுப்பாளராகத் தன் பெயரை எழுதச் சொன்னார். இரண்டு பிரதியிலும் மெதுவாக, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டாவதுல சீல் போட்டுக் குடுப்பாகளா?"

"குடுக்கணும் பெரியம்மா. வாங்காம வரக் கூடாது."